வாடும் புல்தரைக்கு மாற்றாகப் பொடுதலை வளர்ப்பது எப்படி?

ஈரோட்டில் எங்கள் வீட்டு முன்புறம் விரித்திருந்த மெக்சிகன் புல், ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரைத் தாங்காமல் கோடைதோறும் திட்டுத்திட்டாகப் பழுத்துப்போனது. ஊட்டியில் சாலையோரத்திலேயே செழிக்கும் வெள்ளைக் குளோவர் என்னும் மூவிலைச் செடியை முதலில் விதைத்துப் பார்த்தேன். மார்கழிப் பனியில் முளைத்தது, பங்குனி வெயிலில் கருகிவிட்டது. அதன் பிறகுதான் காளிங்கராயன் வாய்க்கால் கரையில், ஆடுகள் மிதித்தும் தரையோடு தரையாகப் பச்சைப் பிடித்துக் கிடந்த பொடுதலை என்னும் படர்செடி கண்ணில் பட்டது.

முதல் வேலை, பழைய புல்லை வேரோடு சீவி எடுப்பது. அதைவிடப் பெரிய வேலை கோரைக் களையை ஒழிப்பது. நான் மண்வெட்டியால் கொத்திப் புரட்டினேன். மூன்றே வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாக முளைத்தது. களை எடுக்க வந்த ஒரு அம்மா, "வெட்டுனாப் பெருகுமுங்க, நோண்டி எடுங்க" என்றார். கோரைக்கிழங்குகள் மண்ணுக்கடியில் சரமாகக் கோத்திருக்கின்றன. சரம் அறுந்தால், அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் தனித்தனியே முளைவிடுகின்றன. ஆகவே மண்ணை முதல் நாள் நனைத்து, பல்லுள்ள முள்கொத்தால் நெம்பி, கறுத்த கிழங்குகளைச் சரத்தோடு உருவ வேண்டும். மீண்டும் நீர்விட்டு முளைக்கவைத்து எடுங்கள். எனக்கு நான்கு சுற்று ஆனது. இந்த வேலைக்கு மண்வெட்டியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் பொடுதலையை நடுவது நல்லது. மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுகளை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு அடிக்கு ஒன்றாக ஊன்றினால், 10க்கு 10 அடி இடத்துக்கு ஏறக்குறைய 100 தண்டுகள் போதும். வேர்பிடிக்கும்வரை நாள்தோறும் நீர் விடுங்கள். எங்கள் இடம் மூடுவதற்கு மூன்று மாதங்கள் பிடித்தன.

நாற்றங்காலில் மஞ்சள் பூப் பூக்கும் சிங்கப்பூர் டெய்சியைப் பரிந்துரைப்பார்கள். நான் வாங்கமாட்டேன். அது முழங்கால்வரை புதராகி, அயல் தோட்டத்துக்கும் பரவிவிடும், நடக்கவும் உதவாது.

பின்சேர்க்கை: இப்படிப் பொடுதலை வளர்த்துப் பார்த்த இருவர், அதன் பூவுக்கு வரும் தேனீக்கள் வெறுங்காலுடன் ஓடும் குழந்தைகளைக் கொட்டுவதாகச் சொன்னார்கள். பூக்கும் மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை மேலாகக் கத்தரித்துவிட்டால் பூ குறையும். மாமர நிழலில் பொடுதலை மெலிந்துபோகிறது. அங்கே நான் கூழாங்கல் பரப்பிவிட்டேன்.