கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி: அரிய வகைகளைச் சேர்க்கத் தொடங்குவது எப்படி?

‘ஷெரிஃப் மாடல்’ (தொழிற்சாலையிலேயே குட்டைக் குழலோடு செய்த அரிய வகை) என்று நம்பி நான் வாங்கிய கோல்ட் ரிவால்வர், உண்மையில் யாரோ குழலை அறுத்துக் குட்டையாக்கிய ஒரு சாதாரணத் துப்பாக்கி. அது தெரியவர எனக்கு ஏழு மாதம் ஆனது. எப்படிக் கண்டுபிடித்தேன், பணம் கொடுப்பதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சாஸில். அதனால் சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான் பொருந்தும்.

ரிவால்வர் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கோல்ட் என்ற அமெரிக்க நிறுவனம் செய்து, 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வர்தான் நம் விஷயம். ‘பீஸ்மேக்கர்’ என்ற பெயரில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1940 வரை வந்தவை முதல் தலைமுறை, 1956-இல் தொடங்கியது இரண்டாவது, 1976-இல் தொடங்கியது மூன்றாவது. இந்தப் பதிவு முழுக்க முதல் தலைமுறை பற்றியது.

படி 1: ஒரே ஒரு கிளையைப் பிடியுங்கள்

இந்த ஒரு துப்பாக்கி முப்பதுக்கும் மேற்பட்ட தோட்டா அளவுகளில் வந்திருக்கிறது. குழல் நீளத்தில் ஏழரை, ஐந்தரை, நாலேமுக்கால் அங்குலம் என்று மூன்று பொதுவானவை. ராணுவ முத்திரை உள்ளவை தனி. எல்லாவற்றையும் துரத்தினால் பணமும் போகும், கண்ணும் பழகாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பிஸ்லியைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் உள்ள பிஸ்லி என்ற சுடுதளத்தின் பெயரை வைத்து, இலக்குப் போட்டிகளை மனதில் கொண்டு 1894 முதல் 1915 வரை செய்தது. வளைந்து இறங்கும் கைப்பிடி, தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும் ஹேமர் (தோட்டாவைத் தட்டும் சுத்தி). ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. சுமார் 44,000 செய்திருக்கிறார்கள், வழக்கமான மாடலைவிட விலையும் பெரும்பாலும் குறைவு. அதற்குள்ளேயே அரியதும் உண்டு: பிரேமின் (துப்பாக்கியின் உடற்சட்டத்தின்) மேற்பகுதி தட்டையாக, பின் குறியைத் தனியாகப் பொருத்தியிருக்கும் ‘ஃப்ளாட்டாப் டார்கெட்’ பிஸ்லி, ஆயிரத்துக்கும் குறைவு. சாதாரண பிஸ்லியில் கண்ணைப் பழக்கிக்கொண்டு அப்புறம் அதைத் தேடலாம்.

‘பன்ட்லைன்’ என்ற நீண்ட குழல் துப்பாக்கியைத் தேடித்தான் பலர் உள்ளே வருகிறார்கள். பழைய மேற்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற காவல் அதிகாரி வையட் எர்ப்புக்கு அது பரிசாகக் கிடைத்தது என்ற கதை 1931-இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாற்றால் பரவியது. கோல்ட் நிறுவனத்தின் பதிவேட்டில் அதற்கு ஆதாரம் இல்லை. நீண்ட குழல் உள்ளவை 1870-களில் சில செய்யப்பட்டது உண்மை. ஆனால் தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

படி 2: சட்டம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 முடியும் வரை செய்யப்பட்டவை ‘பழம்பொருள்’. இந்த மாடலில் அது சுமார் 1,82,000 என்ற வரிசை எண் வரை வருகிறது. அதற்குப் பிந்தையவற்றை வேறு மாநிலத்தவரிடமிருந்து வாங்குவதானால், உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவோ, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கான சேகரிப்பாளர் உரிமம் எடுத்தோ வாங்க வேண்டும். மாநிலச் சட்டம் வேறுபடும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

(பின்சேர்க்கை: மதுரையிலிருந்து ஒரு தம்பி, இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். 1959 ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் உரிமத்தோடு இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். வகை வகையாகச் சேர்ப்பதற்கு அங்கே வழியில்லை தம்பி. ஆனால் படங்களைப் பார்த்து அடையாளம் காணும் பயிற்சிக்கு எந்த உரிமமும் தேவையில்லை. நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.)

படி 3: கையில் எடுத்ததும்

உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். ஹேமரைப் பாதி இழுத்து, வலது பக்கத்துக் கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி ஆறு அறைகளும் காலியா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அவர் “காலிதான்” என்று சொன்னாலும் பாருங்கள். நூற்றைம்பது வருடப் பழசு என்றாலும் தோட்டா இருந்தால் அது சுடும்.

அப்புறம் கதவை மூடி, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஹேமரை முழுதும் இழுத்துக் கட்டை விரலால் தாங்கிக் கீழே இறக்குங்கள். பிறகு அடியிலிருந்து மறுபடி மெதுவாக முழுதும் இழுங்கள். நான்கு ‘க்ளிக்’ கேட்க வேண்டும். கோல்ட் என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகள் என்று அதைச் சொல்வார்கள். மூன்றுதான் கேட்டால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. ஹேமரைக் கட்டை விரலால் தாங்கித்தான் கீழே இறக்க வேண்டும். வெறுமனே டிரிகரைத் தட்டிப் பார்க்காதீர்கள்.

படி 4: எண்ணும் உறுப்புகளும் ஒத்துப் போகின்றனவா?

எண் மூன்று இடத்தில் இருக்கும்: பிரேமின் அடியில், டிரிகர் காப்பு வளையத்தில், கைப்பிடியின் அடிப்பக்கத்தில். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிலிருந்து வருடத்தைக் கண்டுபிடித்து, அந்த வருடத்துக்கு உரிய உறுப்புகள்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கும் வரிசை இது: சிலிண்டர் அச்சைப் பிடித்து நிறுத்துவது பிரேமின் முன்புறத்தில் உள்ள திருகா, அல்லது பக்கவாட்டில் அழுத்தும் பூட்டா? திருகு என்றால் ‘கரும்பொடி பிரேம்’ (கரும்பொடி என்பது பழைய வகை வெடிமருந்து), ஏறத்தாழ 1896 வரை. காலித் தோட்டாவைத் தள்ளும் எஜெக்டர் கம்பியின் தலை வட்டமா, பிறை வடிவமா? வட்டம் முந்தியது, 1880-களின் தொடக்கத்தில் பிறைக்கு மாறியது. பிரேமின் இடது பக்கத்தில் காப்புரிமைத் தேதிகள் இரண்டா, மூன்றா? 1875 ஜனவரித் தேதி சேர்ந்து மூன்றாகியிருந்தால் அது 1873-இல் செய்த பிரேமாக இருக்க முடியாது.

கைப்பிடியில் கழுகு போட்ட கடின ரப்பர் 1882 வாக்கில் வந்தது. அதற்கு முந்தைய எண்ணில் கழுகைப் பார்த்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கலாம். அது பெரிய குற்றமில்லை. கைப்பிடி உடைவதும் மாற்றுவதும் சகஜம். ஆனால் விலையில் அதைச் சொல்ல வேண்டும்.

(பின்சேர்க்கை: எண் 700-க்குள் இருக்கிறது, 1873-இல் செய்ததா என்று ஒருவர் படம் அனுப்பினார். இதை நான் முதலில் எழுதாமல் விட்டது என் தவறு. .44 ரிம்ஃபயர் வகைக்குத் தனி எண் வரிசை, 1-இலிருந்து சுமார் 1,900 வரை. 1875 முதல் 1880 வரை செய்தார்கள். அவருடையதும் ரிம்ஃபயர்தான். ஹேமர் தட்டும் இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: தோட்டாவின் நடுவில் இல்லாமல் விளிம்பில் தட்டும். சின்ன எண் என்றதும் முதல் வருடம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் ரிம்ஃபயரே ஓர் அரிய வகை, அவருக்கு நஷ்டமில்லை.)

எண்கள் ஒத்துப் போகாதது எப்போதும் மோசடி அல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1890-களில் ராணுவம் .38-க்கு மாறியது. ஆனாலும் பழைய .45 துப்பாக்கிகளை விட்டுவிடவில்லை: 1895 முதல் 1903 வரை, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரையாக வெட்டிப் புதுப்பித்தார்கள். பிலிப்பைன்ஸ் போரில் .38-இன் வலிமை போதாதபோது இவை மறுபடி பயன்பட்டன. பிரித்து மாட்டும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதுதான் இன்று ‘ஆர்ட்டிலரி’ என்று சொல்லும் வகை. அதில் மூன்று எண்ணும் வெவ்வேறாக இருப்பது இயல்பு. மரக் கைப்பிடியில் ரினால்டோ கார் என்ற பரிசோதகரின் ஆர்.ஏ.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குழல் வெட்டப்படாத குதிரைப்படை வகையில் ஓ.டபிள்யூ.ஏ. என்றால் ஏன்ஸ்வர்த், டி.எஃப்.சி. என்றால் டேவிட் கிளார்க். முத்திரையின் விளிம்பு மரத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். மரம் வழுவழுப்பாகி முத்திரை மட்டும் கூர்மையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: சாய்ந்த வெளிச்சம்

நான் ஏமாந்த இடம் இது. சரி, பொறுமையாகவே எழுதுகிறேன்.

காலித் தோட்டாவைத் தள்ளும் எஜெக்டர், குழலின் வலது பக்கத்தில் ஒரு சின்னக் குழாய்க்குள் இருக்கும். அந்தக் குழாயின் பின் முனை பிரேமில் உள்ள ஒரு பள்ளத்தில் உட்காரும். முன் முனை குழலில் ஒரு திருகால் பிடித்திருக்கும். சட்டைப் பைக்குள் வைக்கத் தோதாக, எஜெக்டரே இல்லாமல் குட்டைக் குழலோடு சில துப்பாக்கிகளைத் தொழிற்சாலையே செய்தது. அதைத்தான் சேகரிப்பவர்கள் ஷெரிஃப் என்றோ ஸ்டோர்கீப்பர் என்றோ சொல்கிறார்கள். அதன் பிரேமில் அந்தப் பள்ளமே கிடையாது. வலது முன்புறம் மழமழவென்று வளைந்து இறங்கும்.

என்னுடையதிலும் மழமழவென்றுதான் இருந்தது. விற்றவர் மேசை மேல் குழல் விளக்கு. மேலிருந்து விழும் அந்த வெளிச்சத்தில் எல்லா இரும்பும் ஒரே சாம்பல் நிறம். ஏழு மாதம் கழித்து, சனிக்கிழமை மாலை, சமையலறை மேசையில் வைத்து, சின்ன டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். பிரேமின் வலது முன்புறத்தில், கட்டை விரல் நகத்தின் அடியில் இருக்கும் வெண்பிறை மாதிரி ஒரு வடிவம். சுற்றியுள்ள இரும்பு பழுப்பு கலந்த சாம்பல். பிறைக்குள் மட்டும் நீலம் கலந்த சாம்பல், அதில் அரம் ஓடிய மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். பற்றவைத்துப் பள்ளத்தை அடைத்து, அரத்தால் இழைத்திருக்கிறார்கள். குழலிலும் திருகு இருந்த இடத்தில் ஒரு குட்டி வட்டம் தெரிந்தது.

டார்ச் இல்லாமலே பார்த்திருக்க வேண்டியது இன்னொன்று: முகவரி. குழலின் மேல் பொறித்திருக்கும் கோல்ட் நிறுவனத்தின் முகவரி, நீண்ட குழலில் ஒரே வரியாகவும், குட்டைக் குழலில் இடம் போதாமல் இரண்டு வரியாகவும் இருக்கும். என் துப்பாக்கியில் ஒரே வரி, முன் குறியைத் தொட்டுவிடும் அளவுக்கு நீண்டிருந்தது. ஏழரை அங்குலக் குழலை அறுத்ததால் வந்தது அது. குழலின் வாய் விளிம்பும் தட்டையாக இருந்தது. தொழிற்சாலைக் குழலில் அந்த விளிம்பு உருண்டிருக்கும்.

ஆகவே வரிசை: முதலில் முகவரி, பிறகு வாய் விளிம்பு, பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் பிரேம். திருகுத் துளைகளையும் பாருங்கள். ஓரம் குழிந்திருந்தால் யாரோ சக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் புதுச்சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

கருவிகளில் என் விருப்பம்: பத்து மடங்கு நகைக்கடை லென்ஸ், விரல் நீள எல்.இ.டி. டார்ச், வெர்னியர் காலிப்பர். கைப்பேசி கேமராவை மட்டும் நம்பாதீர்கள். அது நிறத்தைத் தானே சரிசெய்து, நாம் தேடும் நிற வேறுபாட்டையே அழித்துவிடும்.

படி 6: கடிதம் வரும்வரை முழுப் பணம் வேண்டாம்

கட்டணம் கட்டி எண்ணைக் கொடுத்தால், கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் பதிவேட்டில் உள்ளதைக் கடிதமாகத் தரும்: தோட்டா அளவு, குழல் நீளம், பூச்சு, அனுப்பிய தேதி, யாருக்கு அனுப்பியது. நான் வாங்கிய பிறகு கேட்டேன். வந்த கடிதத்தில் ‘ஏழரை அங்குலம்’ என்று இருந்தது.

இப்போது நான் விற்பவரிடம் சொல்வது இதுதான்: “முன்பணம் தருகிறேன். கடிதம் ஒத்துப் போனால் மீதி, இல்லையென்றால் முன்பணம் திரும்ப.” எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை. ராணுவத்துக்குப் போனவற்றில் மட்டும் இந்தக் கடிதம் அதிகம் சொல்லாது. அங்கே முத்திரைகளைப் படிக்கத் தெரிந்த நிபுணர் ஒருவரிடம் காட்டியாக வேண்டும்.

வாய்வழிக் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள், ஆவணத்துக்குக் கொடுங்கள். பில்லி தி கிட் என்ற பெயர்பெற்ற கொள்ளைக்காரனைச் சுட்ட ஷெரிஃப் பாட் காரெட்டின் கோல்ட் 2021 ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது யார் யார் கை மாறி வந்தது என்பதைத் தொடர்ந்து காட்ட முடிந்தது. “எங்கள் தாத்தா ஒரு கொள்ளைக்காரனிடமிருந்து வாங்கியது” என்பதற்கு அந்த மாதிரித் தாள் எதுவும் இருக்காது.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

தேய்க்காதீர்கள். இரும்புக் கம்பிப் பஞ்சு வேண்டவே வேண்டாம். பிரேமில் சில சமயம் நீலமும் ஊதாவும் வைக்கோல் மஞ்சளுமாக மேகம் போல நிறங்கள் ஒட்டியிருக்கும். எலும்புக்கரியில் புதைத்துச் சூடாக்கித் தண்ணீரில் முக்கும்போது வந்த நிறம் அது. எவ்வளவு கொஞ்சமாக மிஞ்சியிருந்தாலும் விலையில் பாதி அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வெயிலிலும் அது மங்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் ரினைசான்ஸ் மெழுகை லேசாகத் தடவுங்கள், போதும். தோல் உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். தோலைப் பதப்படுத்தும் பொருளும் அது உறிஞ்சும் ஈரமும் இரும்பை அரிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

(கடைசியாக ஒரு பின்சேர்க்கை: எண்ணில் எஸ்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் என்ன அர்த்தம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 1956-க்குப் பிந்தையது என்று அர்த்தம். எண்ணுக்குப் பின்னால் இருந்தால் இரண்டாம் தலைமுறை, அல்லது மூன்றாம் தலைமுறையின் தொடக்கம். மூன்றாவது 80,000-இல் தொடங்குகிறது. முன்னால் இருந்தால் மூன்றாம் தலைமுறைதான்.)

அந்தப் பொய் ஷெரிஃப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டிரிகர் வளையத்தில் நூலால் ஓர் அட்டையைக் கட்டி, குழல் அறுக்கப்பட்டது, பிரேம் அடைக்கப்பட்டது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன், கடிதத்தின் நகலும் கூடவே இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் டார்ச்சோடு அதைத்தான் கையில் கொடுப்பேன். பிறையைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.