சிலிண்டர் ஹெட்டுக்கு மண்ணெண்ணெய்க் குளியல்

கினிகத்தேனை ஏற்றத்தில் கார் கொதித்து இயந்திரத்துக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் காஸ்கட் போய்விட்டதா? கழற்றிய ஹெட்டை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவையுங்கள். அடுப்படிப் பக்கம் மட்டும் வேண்டாம். காலையில் கரி இளகியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷும் சீவிய மூங்கில் குச்சியும் போதும். காஸ்கட் உட்காரும் முகத்தில் கம்பி பிரஷ் படக்கூடாது. அலுமினிய ஹெட் என்றால் காஸ்டிக் சோடாவைத் தொடவே வேண்டாம், உலோகத்தையே தின்றுவிடும்.

வால்வுகளை அட்டைப்பெட்டியில் துளையிட்டு, கழற்றிய வரிசையிலேயே செருகுங்கள். நான் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே பால்மா டின்னில் போட்டுவிட்டு, எது எங்கே என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

பூட்டுமுன் நேரான இரும்பு விளிம்பை ஹெட்டின் முகத்தில் குறுக்கே வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பல இயந்திரங்களில் 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை. உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். மீறினால் முகத்தைச் சமப்படுத்த லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.