ஸ்டியரிங் இறுகினால் முதலில் எதைக் கழற்றுவது?

"அண்ணே, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு, பம்ப் மாத்திடலாமா?" சிங்கப்பூர் சின் மிங்கில் எங்கள் பட்டறை வாசலில் ஜிம்னி, பழைய டிஃபெண்டர் மாதிரி நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை நிறுத்திவிட்டு இப்படிக் கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலும் வார இறுதியில் ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டச் சேற்றில் ஓட்டிவிட்டு வந்தவர்கள். பம்பை விடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். எந்த இடம் இறுகியிருக்கிறது என்று தெரியாமல் எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு வளைவு திரும்பிவிட்டுக் கையைத் தளர்த்திப் பாருங்கள். ஸ்டியரிங் கனமாக இருந்தாலும் தானாக நேருக்கு வந்துவிடுகிறதா? அப்படியானால் உதவி போதவில்லை: டயர் காற்று, எண்ணெய், பெல்ட், பம்ப், மின்சார ஸ்டியரிங் என்றால் பேட்டரி. திரும்பின இடத்திலேயே நிற்கிறது, நீங்கள்தான் இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ உராய்கிறது. உயரமான ஸ்பிரிங் போட்ட வண்டி மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும். முன் ஆக்சில் சாய்ந்து காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருந்தால், உராய்வே இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் சரியாகத் திரும்பி வராது. அதற்கு அலைன்மெண்ட் அளவைப் பார்க்க வேண்டும்.

டயரை அலட்சியம் செய்யாதீர்கள். சேற்றுக்காக 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கிவிட்டு, திரும்ப அடிக்காமலேயே பாலத்தைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடித்தாலே பாதி வேலை முடிந்துவிடலாம். அப்புறம் எண்ணெய். ஹைட்ராலிக் வண்டியில் நுரை தெரிந்தால் காற்று உள்ளே போகிறது, குழாய் இணைப்புகளைப் பாருங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். முழுதாகத் திருப்பும்போது பெல்ட் கீச்சிட்டால் அது தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறுக்கம் போகவில்லையா? சமதளத்தில் முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வீவக அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம், சரிவும் நெருக்கமும் ஆபத்து. சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங் வட்டத்தை சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். அது கட்டில்லாமல் சுற்றினால் உள்ளே ஏர்பேக் வயர்ச்சுருள் அறுந்துபோகலாம். பிறகு ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து (வட்டத்தின் சுழற்சியைக் கம்பியின் அசைவாக மாற்றும் பெட்டி) சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியை, சக்கர முனையில் கழற்றுங்கள். இப்போது சக்கரங்களைக் கையால் இருபுறமும் தள்ளுங்கள். கட்டை அவிழ்த்து, வட்டத்தைப் பிடித்தபடி மெதுவாகத் திருப்புங்கள். எது இறுக்கமோ, கோளாறு அந்தப் பக்கம்தான். ஒரே இணைப்பைக் கழற்றியதில் பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டீர்கள்.

வட்டத்தின் பக்கம் இறுக்கமா? ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடங்களில் பிடித்துப் பிடித்து விட்டால், வட்டத்திலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் தண்டில் உள்ள மடங்கு இணைப்பான யூ ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கிறது. நம் ஊர் ஈரமும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து செய்யும் வேலை. துருப்போக்கி தெளித்தால் இரண்டு நாள் இளகும், அதுவே உள்ளேயிருந்த கிரீஸையும் கழுவிவிடும், பிறகு முன்னைவிட மோசமாகும். எனவே அந்தத் தண்டை மாற்றிவிடச் சொல்வேன். கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயிண்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக உட்காரும். யூ ஜாயிண்ட் நன்றாக இருந்தால் ஸ்டியரிங் பாக்ஸ். அதன் தலையில் உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை யாராவது ஆட்டம் குறைக்கவென்று இறுக்கியிருந்தால், நடுவில் பிடிக்கும். இதைக் கண்ணால் பார்த்து அளந்து சரிசெய்ய முடியாது. அனுபவமுள்ளவர் கையில் கொடுங்கள்.

சக்கரத்தின் பக்கம் என்றால் முதலில் ஸ்டியரிங் அதிர்வைத் தாங்கும் டாம்பரை ஒரு முனையில் கழற்றி இழுத்துப் பாருங்கள். பாறையில் இடித்துத் தண்டு வளைந்திருந்தால் அதுவே குற்றவாளி. அது சுலபமாக ஓடினால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடையும் கழற்றி, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகமான நக்கிளை ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத் திருப்புங்கள். நக்கிள் திரும்பும் முளைதான் கிங்பின்; ஜிம்னியில் பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு கிங்பின் பேரிங் இருக்கிறது. எனக்கு மிகவும் அக்கறையுள்ள இடம் இது, ஏனென்றால் அதிகம் கைவிடப்படுவதும் இதுதான். நக்கிள் சீல் கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைப் பால் நிறமாக்கிவிடும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் ஒரே இடத்தில் அமர்ந்து, பேரிங் வளையத்தில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். அதனால்தான் நேராகப் போகும்போது ஸ்டியரிங் 'டக்'கென்று ஓரிடத்தில் விழுந்து நிற்கிறது. கிரீஸ் அடித்தால் பள்ளம் நிரம்பாது. நான்கு பேரிங்கையும் வெளி வளையத்தோடும் சீலோடும் சேர்த்து மாற்றுங்கள். கிங்பின் அடியில் இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் எந்தப் பக்கம், மேலா கீழா என்று குறித்து வையுங்கள். பொருத்திய பிறகு ஸ்பிரிங் தராசால் நக்கிளை இழுத்து, உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள எடையோடு ஒப்பிட்டு, ஷிம்மைக் கூட்டிக் குறையுங்கள்.

மறுபடி பூட்டும்போது ஸ்பிளிட் பின் புதிது போடுங்கள், நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் இறக்கியிருந்தால், சக்கரம் தூக்கிய நிலையில் எஞ்சினை அணைத்து வைத்து ஓரத்திலிருந்து ஓரம் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிடித்துக்கொள்ளும் ஸ்டியரிங்கோடு மட்டும் பட்டறைவரை ஓட்டி வராதீர்கள், இழுத்து வரச் சொல்லுங்கள். பிகேஇ, பிஐஇ மாதிரி விரைவுச்சாலையில் நடுவழியில் பிடித்துக்கொண்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் பக்கத்தில் உள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை கட்டணம் இல்லாமல் இழுத்துக்கொண்டுபோய் விடும். அங்கிருந்து பட்டறைக்கு நீங்கள் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.