காது கேட்கிறது, சொன்னதுதான் பிடிபடவில்லை

மிக்ஸி ஓடும்போது "தட்டு எடு" என்றால் பிள்ளை "கட்டா?" என்கிறான். காது கேட்கும் சோதனையான ஆடியோகிராமோ நார்மல். கவனமில்லை என்று திட்டுவதற்கு முன், காதில் விழுந்ததை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்க்கும் செவிவழிச் செயலாக்கப் பரிசோதனை தேவையா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள்.

ஆடியோகிராம், 'பீப்' சத்தம் எட்டுகிறதா என்றுதான் பார்க்கும். செயலாக்கப் பரிசோதனையிலோ இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கவிட்டு, எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கண்டுபிடிக்க வைப்பார்கள். பொதுவாக 7 வயதுக்கு மேல்தான் செய்வார்கள். அதற்குக் கீழே பிள்ளைக்குப் பிள்ளை மதிப்பெண் ரொம்ப மாறும்.

காலையிலேயே போங்கள், தூங்கி வழியும் பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது! சோதனைச் சொற்கள் வீட்டில் பேசும் மொழியில் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். அப்புறம், எந்தச் சத்தத்தில் தடுமாறுகிறான் என்று ஒரு வாரம் குறித்து எடுத்துப்போங்கள்.