பீமில் கார்பன் துணி ஒட்டுமுன் தவிர்க்க வேண்டியவை

விரிசல் விட்ட பீமுக்குக் வலுவூட்டக் கார்பன் இழைத் துணியை எபாக்சி என்ற ரெசின் பசையால் ஒட்டும் வேலை இன்று சின்ன சைட்டுகளுக்கும் வந்துவிட்டது. புதியவர்கள் செய்யும் தவறுகளோ பழையவைதான். ரெசின் கலக்கும் விகிதம் டப்பாவிலேயே இருக்கிறது; அதை விடுவோம்.

துருவின் மேல் துணி

பணம் அதிகம் பாழாவது இங்கேதான். முதலில் விரிசல் ஓடும் திசையைப் பாருங்கள். பீமின் நடுவில் கீழிருந்து நேராக மேலேறினால் வளைவு விரிசல். தூணுக்கு அருகே சாய்வாக ஏறினால் வெட்டுவிசை விரிசல். இரண்டும் சுமையால் வருபவை. கம்பியின் போக்கிலேயே நீளவாக்கில் ஓடினால், அது பெரும்பாலும் சுமையால் வந்ததல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, அதை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கடலோரக் கட்டடங்களின் கார் நிறுத்துமிடத்திலும், ஒழுகும் குளியலறைக்குக் கீழேயும் இதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

இந்த விரிசலில் பட்டி இழுத்துத் துணியை ஒட்டினால் துரு நிற்காது. வெளியே தெரியாமல் மறைந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒருநாள் கவர் கான்கிரீட் துணியோடு பாளமாகக் கழன்று விழும். உடனே எல்லோரும் பசையைத் திட்டுவார்கள். பசையோ கான்கிரீட்டை விடாமல் பிடித்தபடியே கீழே கிடக்கும்.

ஒழுகலை முதலில் அடையுங்கள். ஸ்லாபுக்கு முட்டுக் கொடுங்கள். சுத்தியால் தட்டி, வெற்றிடமாக ஒலிக்கும் இடமெல்லாம் கொத்துங்கள். கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். புதிதாக உடைத்த முகத்தில், காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், நிறம் மாறாத இடம் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையை இழந்தது. உப்பால் வரும் துருவை இது காட்டாது; அதற்குக் குளோரைடு சோதனை தனி. கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, மிஞ்சிய விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, தேய்ந்த அளவுக்குப் புதுக் கம்பி சேருங்கள். பிறகு கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு, கொத்திய இடத்தை நிரப்ப மைக்ரோ கான்கிரீட் என்ற பொடி ஜல்லிக் கலவை. அது இறுகிக் காய்ந்த பிறகே துணி.

பூச்சின் மேல் ஒட்டுவது

சிமென்ட் பூச்சு பீமின் பலத்தில் சேராது. ஜல்லி முகம் தெரியும்வரை கிரைண்டர் போடுங்கள். ஒட்டிய வட்டை இழுத்துப் பிய்த்துப் பார்க்கும் இழுப்புச் சோதனையில் 1.4 மெகாபாஸ்கலாவது வராத கான்கிரீட்டில் ஒட்டாதீர்கள்.

விரிசலை நிரப்பாமல் மூடுவது

விரிசலின் அகலம் 0.3 மி.மீ.க்கு மேல் என்றால் முதலில் எபாக்சி இன்ஜெக்‌ஷன், அதாவது விரிசலுக்குள் எபாக்சியை அழுத்திச் செலுத்துவது.

கூர் மூலை

துணியை யு வடிவில் சுற்றும் இடத்தில் பீமின் மூலையை 13 மி.மீ. ஆரத்துக்கு மழுக்குங்கள். இல்லையேல் இழை அங்கேயே அறும்.

தீயை மறப்பது

சைட்டில் காயும் எபாக்சிகளில் பெரும்பாலானவை 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கும். துணி முழுதும் போனாலும் பீம் விழக்கூடாது. அமெரிக்க வழிகாட்டியான ஏசிஐ 440.2ஆர் கேட்பது, நிலைச்சுமையின் (கட்டடத்தின் சொந்த எடை) 1.1 மடங்கும் பயன்பாட்டுச் சுமையின் (ஆட்கள், பொருட்கள்) 0.75 மடங்கும் சேர்ந்ததைப் பழைய பீமே தாங்க வேண்டும் என்பது. கணக்கில் அது வரவில்லையென்றால் துணியை விட்டுவிட்டு, பீமைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போடும் கான்கிரீட் ஜாக்கெட்டுக்குப் போங்கள்.