ரோபோ கை சுத்தம்தான், அது நிற்கும் ஸ்டாண்டு? மருந்து, லேப் ஆட்டோமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டித் தடா, ஸ்ரீசிட்டி, நாயுடுபேட்டை என்று நீளும் எல்லைப் பாதையில், மருந்துக் குப்பிகளை எடுத்து வைக்கவோ லேப் தட்டுகளை (சிறு குழிகளில் திரவம் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகள்) நகர்த்தவோ ரோபோ வாங்கினால், கை சான்றிதழோடு பெட்டியில் வந்து இறங்கிவிடும். ஸ்டாண்டு, கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் முனை), கேபிள் போகும் வழி, கழுவும் தண்ணீர் ஆகிய நான்கையும் உள்ளூரில்தான் முடிவு செய்கிறோம். கோளாறும் பெரும்பாலும் இந்த நான்கில்தான் வருகிறது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

2023 டிசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்ட ஷெட்யூல் எம் (மருந்துத் தயாரிப்புக்கான இந்திய விதிகள்), அதே ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அனெக்ஸ் 1 (கிருமியற்ற மருந்துத் தயாரிப்புக்கான விதிகள்) ஆகியவற்றை வைத்து ஆய்வுக்கு வருபவர்கள், கையின் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். அது நிற்கும் ஸ்டாண்டுக்குக் கீழேயும் குனிந்து பார்ப்பார்கள்.

கொட்டேஷன் கேட்கும்போதே தொடங்கும் தவறு

"க்ளீன்ரூம் (தூசி கட்டுப்படுத்திய அறை) ரோபோ வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்புகிறார்கள். துகள் உதிர்க்காமல் இருப்பது, தண்ணீர் பீய்ச்சினால் தாங்குவது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைத் தாங்குவது மூன்றும் தனித்தனித் தகுதிகள். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் தரக் குறியீடு. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே கசியாது. ஐபி69கே என்றால் 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் அடித்தாலும் தாங்கும். கை எவ்வளவு துகள் உதிர்க்கும் என்பதை இரண்டுமே சொல்லாது. ஐஎஸ்ஓ 5 என்ற சுத்தத் தரமுள்ள அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்குக்குத் தனிச் சான்று கேட்க வேண்டும். பெராக்சைடு ஆவிக்கு இன்னொரு சான்று: எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), எத்தனை மணி நேரம், எத்தனை சுழற்சி என்று எண்ணோடு.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. துகள் வெளியேறாமல் இருக்கக் கைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க உலர்ந்த காற்றை உள்ளே செலுத்திச் சற்று அதிக அழுத்தத்தில் வைப்பார்கள். நேர் எதிரான இரண்டு ஏற்பாடுகள். உறிஞ்சும் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது கையைக் கழுவினால், சீல் விளிம்பில் நிற்கும் தண்ணீரை நாமே உள்ளே இழுத்துவிடுகிறோம்.

ஸ்டாண்டு

எம்எஸ் (சாதா இரும்பு) வேலையும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலையும் ஒரே மேசையில் நடக்கும் பட்டறையில் ஸ்டாண்டு செய்யக் கொடுக்காதீர்கள். இரும்பை உரசிய கிரைண்டிங் வீலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் வைத்தால் இரும்புத் துகள் பதிந்துவிடும். சில வாரத்தில் பழுப்புப் புள்ளி வரும். 'மட்டமான எஸ்எஸ் கொடுத்துவிட்டான்' என்று பழி ஸ்டீல்காரர் மேல் விழும். எஸ்எஸ்ஸுக்கென்று தனி வீல், தனி வயர் பிரஷ், வெல்டிங் முடிந்ததும் பிக்ளிங், பாசிவேஷன் (அமிலத்தால் பரப்பைச் சுத்தம் செய்து துருத் தாங்கவைப்பது) என்று பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

வடிவத்தில் கவனிக்க வேண்டியவை: மருந்துக்கு அருகே வரும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரான் ஆர்ஏ (சராசரி சொரசொரப்பு அளவு) அல்லது அதற்குக் கீழே. படுக்கையான எந்தப் பரப்பும் மட்டமாக இருக்கக் கூடாது, குறைந்தது 3 டிகிரி சரிவு வேண்டும். உள்மூலைகளின் வளைவு ஆரம் 6 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே போகக் கூடாது. சதுரப் பைப்பின் வாய் முழுதும் வெல்டிங்கால் மூடியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி செருகினால் உள்ளே தண்ணீர் தேங்கி, பூஞ்சை வளர்ந்து, கை அசையும்போதெல்லாம் துளித்துளியாய் ஒழுகும். லெவலிங் காலில் மரை வெளியே தெரியக் கூடாது. பட்டறைக்காரர் விரும்பிப் போடும் ஆலன் போல்டின் குழித் தலையில் தூளும் தண்ணீரும் தங்கும். தலை குவிந்த, அடியில் சீல் உள்ள போல்ட் கேளுங்கள். விலை கூடுதல்தான்.

தண்ணீரும் கிருமிநாசினியும்

இந்தப் பகுதியில் அதிகம் கெடுப்பது தண்ணீர். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருப்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 1,000 வரை அனுமதிக்கிறது. குடிக்கலாம் என்பதற்காக அந்தத் தண்ணீர் 304 ஸ்டீலுக்கு (சாதாரண எஸ்எஸ் வகை) ஏற்றதாகிவிடாது. கழுவியபின் காயும் இடத்தில் உப்பு செறிந்து, ஊசி குத்தியது போல் குழி விழும். 316எல் தரத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் அது கூடுதலாகத் தாங்கும், ஆனால் உப்பைக் காயவிட்டால் அதுவும் தோற்கும். கடைசி அலசல் எப்போதும் பியூரிஃபைட் வாட்டரில், பிறகு பஞ்சு உதிராத துணியால் துடைப்பு.

தரைக்குப் போடும் ஹைப்போவையே (சோடியம் ஹைப்போகுளோரைட்) ரோபோ மேலும் தெளிப்பது இன்னொரு வழக்கம். அதிலும் குளோரின்தான் இருக்கிறது. வித்துகளை (கிருமிகள் எடுக்கும் உறங்கும், எளிதில் சாகாத வடிவம்) கொல்ல வேண்டுமானால் பெராக்சைடோ பெரசிட்டிக் அமிலமோ கலந்த கிருமிநாசினியை, கை தயாரித்தவரின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து எடுங்கள். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அன்றாடத் துடைப்புக்குச் சரி. 99 சதவீதம் இன்னும் நன்றாகக் கொல்லும் என்று நினைப்பது தவறு, அது வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும். எந்தச் செறிவாக இருந்தாலும் ஆல்கஹால் வித்துகளைக் கொல்லாது. பாலிகார்பனேட் தடுப்புக் கண்ணாடியில் அதைத் திரும்பத் திரும்பத் துடைத்தால் போல்ட் துளையைச் சுற்றி முடி போல் வெடிப்பு ஓடும்.

எந்தக் கிருமிநாசினியானாலும் அழுக்கின் மேல் தெளித்துப் பயனில்லை. முதலில் டிடர்ஜென்ட், அலசல், அப்புறம்தான் கிருமிநாசினி. லேபிளில் சொன்ன நேரம் வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். கலவை அளவை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிவிட்டு ஆப்பரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். தமிழ் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் ஒரே ஷிஃப்டில் நிற்கும் இடம் இது. "10 லிட்டர் வாளிக்கு இந்தக் குவளையில் இத்தனை" என்று இரண்டு மொழியிலும் எழுதி, குவளையையும் பக்கத்திலேயே சங்கிலி போட்டு மாட்டுங்கள்.

ஷிஃப்ட் முடிந்த சூட்டோடு கழுவுவதும் ஆபத்து. ஓடிய கையின் மூட்டுகளுக்குள் காற்று சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அது சுருங்கி, சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சும். ஆறவிடுங்கள், அல்லது உலர் காற்று ஓடும்போதே கழுவுங்கள். எல்லா மூட்டும் வடியும்படி ஒரு கழுவும் நிலையை நிரலிலேயே எழுதி வைப்பது நல்லது.

காற்றும் கிரிப்பரும்

குப்பி நிரப்பும் இடத்தில், மேலிருந்து வரும் சுத்தக் காற்று வேறு எதையும் தொடாமல் திறந்த குப்பியை அடைய வேண்டும். குறுக்கு வழி என்று கை குப்பிக்கு மேலாகப் போனால் அந்தக் காற்று கெட்டது. காற்று போகும் வழியைப் புகை விட்டுப் பார்க்கும் சோதனையைக் கை நின்றிருக்கும்போது எடுத்துப் பயனில்லை. உற்பத்தி வேகத்தில் ஓடவிட்டு வீடியோ எடுக்க வேண்டும்.

வெற்றிடக் கிரிப்பரின் எஜெக்டர் (அழுத்தக் காற்றால் வெற்றிடம் உண்டாக்கும் பாகம்) வெளிவிடும் காற்றை அப்படியே அறைக்குள் விடுவது பரவலான தவறு. குழாய் போட்டு வெளியே கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரஸர் லைனில் தண்ணீர் சேரும். டிரையர் சரியில்லையென்றால் முனையில் போட்ட 0.2 மைக்ரான் ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும்.

சிலிகான் விரல்களும் உறிஞ்சும் கோப்பைகளும் பெராக்சைடை உள்வாங்கி மெல்ல வெளிவிடும். ஸ்டெரிலிட்டி சோதனை (மருந்தில் கிருமி உண்டா என்ற சோதனை) நடக்கும் ஐசொலேட்டரில் (மூடிய சுத்தப் பெட்டி) இது ஆபத்தான விஷயம்: மிச்சமிருக்கும் ஆவி, மருந்தில் இருக்கிற கிருமியையும் வளரவிடாமல் தடுத்து, கெட்ட பேட்ச் நல்லதாகத் தெரியும். காற்றோட்ட நேரத்தை அறையை அளந்து முடிவு செய்தால் போதாது, விரலருகே அளக்க வேண்டும்.

லேப் தட்டுகளின் அடிப்பாகம் 127.76க்கு 85.48 மில்லிமீட்டர் என்று தரப்படுத்தப்பட்டது. அதை நம்பிப் பிடிப்பு விசையைக் கூட்டினால் மெல்லிய தட்டு வளைந்து திரவம் தளும்பும்.

பாக்கி கொடுக்கும் முன்

லிட்டருக்கு 0.2 கிராம் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) கரைத்து, கை, ஸ்டாண்டு, கிரிப்பர் எல்லாவற்றிலும் தெளியுங்கள். காய்வதற்குள் உங்கள் வழக்கமான முறையில் கழுவி, விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் பச்சையாய் ஒளிரும் ஒவ்வொரு இடமும் தண்ணீர் எட்டாத இடம். போல்ட் தலை, கேபிள் கட்டிய இடம், பிளேட்டின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்துப் பட்டறைக்காரரிடம் காட்டி, அவர் சரிசெய்த பிறகு மறுபடி தெளித்துப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.