கட்டையிலிருந்து அட்டைக்கு: கையால் தைக்கும் ஷூவுக்குப் பேட்டர்ன் எடுக்கும் முறை

கட்டை என்பது ஷூவுக்கு உருவம் தரும், கால் வடிவிலான அச்சு. அதன் வளைந்த மேற்பரப்பைத் தட்டையான அட்டைக்கு மாற்றி, அந்த அட்டையை வைத்து வெட்டிய தோலைத் திரும்பவும் அதே கட்டையின் மேல் படியவைப்பதுதான் ஷூ பேட்டர்னின் வேலை. எல்லாப் பக்கமும் வளைந்த ஒரு பரப்பைச் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் தட்டையாக்க முடியாது என்பதால், பிழை எங்காவது வந்தே தீரும். அந்தப் பிழையைச் சோலுக்கு அடியில் மறையப்போகும் விளிம்புக்குத் தள்ளிவிட்டு, கணுக்காலைச் சுற்றி வரும் மேல்விளிம்பையும் தையல் கோடுகளையும் துல்லியமாகக் காப்பாற்றத் தெரிந்துவிட்டால், மற்றவை பெரும்பாலும் கைப்பழக்கம். தொடங்குபவருக்கு டெர்பி வகையே ஏற்றது என்பது என் கருத்து. அதில் கயிறு கட்டும் பக்கத்துண்டுகள் முன்துண்டின் மேல் வந்து அமர்வதால், ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும் சமாளிக்க இடம் உண்டு. பக்கத்துண்டுகள் முன்துண்டுக்கு அடியில் போகும் ஆக்ஸ்ஃபோர்டு அவ்வளவு தாராளம் காட்டாது.

பேட்டர்னைத் தொடுவதற்கு முன் கட்டை முடிந்திருக்க வேண்டும். விரல் மூட்டுகளின் சுற்றளவு, நடுப்பாதத்தின் சுற்றளவு, மேற்பாதத்தின் சுற்றளவு ஆகிய மூன்றும் வாடிக்கையாளரின் காலோடு ஒத்துப்போகும்வரை தோல் துண்டுகளை ஒட்டியும் ராவியும் கட்டையைச் சரிசெய்துவிடுங்கள். இடக்காலும் வலக்காலும் தெளிவாக வேறுபட்டால் பேட்டர்னும் இரண்டு வேண்டும். கட்டையில் உள்ள குறையைப் பேட்டர்னில் ஈடுசெய்யலாம் என்று நினைப்பது வீண் உழைப்பு.

இனி மாஸ்கிங் டேப். முதல் அடுக்கை முன்னிருந்து பின்னாக நீளவாக்கிலும், இரண்டாம் அடுக்கைக் குறுக்குவாக்கிலும், ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையைப் பாதியளவு மூடும்படி ஒட்டுங்கள். டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது. இழுபட்ட டேப், உரித்த பிறகு சுருங்கி அளவைக் கெடுத்துவிடும். பிறகு, கட்டையின் நுனியில் நடுப்புள்ளியையும் மேல்முகட்டின் நடுப்புள்ளியையும் குறித்து, அவற்றை ஒரு மெல்லிய காகிதப் பட்டையால் இணைத்துக் கோடிடுங்கள். பின்பக்கமும் அவ்வாறே. கட்டையின் முனை உட்புறமாகச் சற்றுத் திரும்பியிருப்பதால் முன்கோடு கோணலாகத் தோன்றும். கண்ணை நம்பி அதைத் திருத்த வேண்டாம்.

அடுத்து உயரங்கள். குதிகாலின் பின்கோட்டில் மேல்விளிம்பு வரவேண்டிய இடம், நடுத்தர அளவுள்ள ஆண்கள் ஷூவில் கட்டையின் அடிவிளிம்பிலிருந்து ஏறக்குறைய 58 முதல் 60 மி.மீ. வெளிக்கணுவின் எலும்பு உட்கணுவைவிடத் தாழ்வாக இருப்பதால், வெளிப்புற மேல்விளிம்பை உட்புறத்தைவிட 5 மி.மீ. அளவு தாழ்த்தி வரையுங்கள். அளந்து செய்யும் ஷூவில் பொது அளவை அப்படியே நம்பாமல், காலை அளக்கும்போதே பாதத்தின் அடியிலிருந்து கணு எலும்பின் கீழ்முனைவரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொண்டு, விளிம்பு அதற்குக் கீழே நிற்கிறதா என்று ஒத்துப்பாருங்கள். எலும்பில் உரசும் ஷூவை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் யாரும் அணிய மாட்டார்கள். முன்புறத்தில், கயிற்றுத் துளைகள் உள்ள பக்கத்துண்டின் கீழ்முனை, விரல்கள் மடங்கும் கோட்டுக்குப் பின்னால்தான் வர வேண்டும். அதைத் தாண்டி முன்னே போனால் நடக்கும்போது அங்கே தையல் பிய்யும். இந்தக் குறிகளை வைத்து, முழு வடிவத்தையும் டேப்பின் மேலேயே பென்சிலால் வரைந்து, கட்டையைக் கைநீளத்தில் பிடித்து நாலாபுறமும் திருப்பிப் பாருங்கள். அட்டையில் அழகாகத் தெரியும் கோடு கட்டையில் தொய்ந்து தெரிவதுண்டு.

இப்போது முன்கோட்டிலும் பின்கோட்டிலும் கூர்மையான கத்தியால் கீறி, உட்புற டேப்பையும் வெளிப்புற டேப்பையும் தனித்தனியாக உரித்தெடுங்கள். அவசரம் கூடாத கட்டம் இது. உரித்த டேப்பை, நடுப்பாதத்தை ஒட்டிய பகுதியை முதலில் அட்டையில் படியவைத்து, அங்கிருந்து மேல்விளிம்பை நோக்கி விரல் நுனியால் தடவிக்கொண்டே போங்கள். மேல்விளிம்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் படிந்த பிறகுதான் கீழே வர வேண்டும். முன்முனையிலும் குதிகாலிலும் டேப் அடங்காமல் எழும்பி நிற்கும். அங்கே அடிவிளிம்பில் 1 செ.மீ. இடைவெளியில் சிறு வெட்டுகள் கொடுத்தால், சில இடங்களில் விரிந்தும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தானாகப் படிந்துவிடும். அந்த விரிசலும் ஏற்றமும்தான் நாம் ஓரத்துக்குத் தள்ளிய பிழை. தோலின் விளிம்பைக் கட்டைக்கு அடியில் மடித்து இழுத்துப் பூட்டும்போது தோல் அதை விழுங்கிக்கொள்ளும்.

கிடைத்த இரு அட்டைகளையும் பின் உயரப்புள்ளியிலும் முன்துண்டுப் புள்ளியிலும் (முன்கோட்டில் கயிறு கட்டும் திறப்பு தொடங்கும் இடம்) பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். முன், பின் கோடுகளில் வரும் வேறுபாட்டுக்கு நடுவே புதுக்கோடு இடலாம். ஆனால் அடிவிளிம்பில், குறிப்பாக உள்ளங்கால் வளைவில், இரண்டையும் சராசரியாக்கி விடாதீர்கள். அங்கே உட்புறத்துக்குத் தோல் கூடுதலாக வேண்டும். உட்புறத் துண்டின் அடிவிளிம்பில் ஒரு சிறு முக்கோண வெட்டுக் கொடுப்பது வழக்கம். வெட்டும் மேசையில் துண்டுகள் மாறிப்போகாமல் அது காக்கும். பின்கோட்டின் மேல்முனையை 2 முதல் 3 மி.மீ. உள்ளே தள்ளி, குதிகால் அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தில் பழைய கோட்டோடு சேர்த்துவிட்டால், மேல்விளிம்பு காலைக் கவ்விப் பிடிக்கும்.

முன்துண்டு மடித்த அட்டையில் வெட்டப்படுவது, மடிப்போ நேர்கோடுதான். டெர்பியில் நாக்கைத் தனித்துண்டாக வைத்துக்கொண்டால், முன்துண்டு மேற்பாதத்தின் வளைவு தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். எனவே நுனியிலிருந்து முன்துண்டுப் புள்ளிவரை நேர்கோடு இட்டால் போதும்.

இதுவரை வரைந்தவை வெறும் வடிவங்கள். ஒவ்வொரு விளிம்புக்கும் உரிய கூடுதலைச் சேர்த்தால்தான் பேட்டர்ன் ஆகும். கட்டைக்கு அடியில் இழுத்துப் பூட்ட 20 மி.மீ. விடுங்கள், குறடால் கையில் இழுப்பவருக்கு 15 மி.மீ. பிடிமானம் போதாது. வேறொரு துண்டுக்கு அடியில் போகும் விளிம்புக்கு 8 மி.மீ., மடித்து ஒட்டும் விளிம்புக்கு 5 மி.மீ., பின் தையலுக்கு 1.5 முதல் 2 மி.மீ. போதும். மடிக்காமல் வெட்டியபடியே விடும் விளிம்புக்கு எதுவும் வேண்டாம். லைனிங்கை மேல்விளிம்பில் 3 மி.மீ. உயர்த்தி வெட்டினால், தைத்த பிறகு மிச்சத்தைச் செதுக்கிவிடலாம்.

நல்ல தோலில் கத்தி வைப்பதற்கு முன், அதே தடிமனுள்ள மலிவான தோலில் ஒரு சோதனை மேற்பகுதியைத் தைத்துக் கட்டையில் பூட்டிப் பாருங்கள். இதில் நான் ஒருமுறை சறுக்கினேன். குதிகாலில் வைக்கும் கடினத் தோலை வைக்காமலேயே சோதனை செய்து, கயிறு கட்டும் இரு ஓரங்களுக்கும் நடுவே இடைவெளி சீராக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். உண்மையான ஷூவில் அந்தக் கடினத் தோலின் தடிமன் உள்ளே புகுந்ததும் பக்கத்துண்டுகள் அந்த அளவுக்குப் பின்னே இழுபட்டு, இடைவெளி மேலே அகன்று ஆங்கில வி எழுத்தைப் போல விரிந்துவிட்டது. சோதனைக்கும் எல்லா உள்துண்டுகளையும் வைத்தே பூட்ட வேண்டும்.

பூட்ஸுக்கும் தொடக்கம் இதேதான். ஆனால் கட்டை கணுக்காலோடு முடிந்துவிடுவதால் அதற்கு மேலுள்ள பகுதியைக் காகிதத்தில் கட்டியெழுப்ப வேண்டும். கட்டையின் அட்டை வடிவத்தை, செய்யப்போகும் ஹீலின் உயரத்துக்குக் குதிப்பகுதியைத் தூக்கி வைத்து வரைந்துகொள்ளுங்கள். இதில் தவறினால் கால்குழாய் முன்னாகவோ பின்னாகவோ சாய்ந்து நிற்கும். பிறகு தரையிலிருந்து குறித்த உயரங்களில் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவுகளில் பாதியை அகலமாகக் குறித்து இணைக்கவும். கயிறோ ஜிப்போ இல்லாமல் இழுத்து அணியும் பூட்ஸில், குதிகாலின் பின்மூலையிலிருந்து மேற்பாதத்தைச் சுற்றி எடுத்த அளவே எல்லாவற்றையும் ஆளும்; அந்த அளவு நுழைய முடியாத பூட்ஸில் கால் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். முன்துண்டு ஒரே தோலாகக் கால்குழாய்வரை ஏறுவதானால், நேர் மடிப்பு மேற்பாதத்தின் வளைவுக்கு ஈடுகொடுக்காது. தோலை நனைத்து, வளைந்த பலகையின் மேல் இழுத்து ஆணியடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டர்னை அதன்மேல் வைத்து வெட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு அட்டையிலும் வாடிக்கையாளரின் குறியீடு, தேதி, இடம் அல்லது வலம், உள் அல்லது வெளி, விட்ட கூடுதல்கள் ஆகியவற்றை எழுதி, ஒரே துளையில் கயிறு கோத்து அந்தக் கட்டையோடு தொங்கவிடுங்கள். பின்னாளில் கட்டையில் தோல் ஒட்டி ஒரு சுற்றளவைக் கூட்டினால், பழைய அட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக டேப் ஒட்டுவதே நல்லது.